நட்சத்திரம் ஏன் புள்ளியாகத் தெரியவில்லை? தொலைநோக்கி, ஐபீஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"கண்ணாடி போச்சு போல, மாத்திடலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இத்தனை வருஷத்தில் கண்ணாடி உண்மையிலேயே போயிருந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் காரணம் காற்று. இல்லையென்றால் ஒரு திருகு. அதுவும் இல்லையென்றால் பார்க்கிறவரின் கண். எது என்று தெரியும் முன்பே கைக்கு எட்டிய திருகையெல்லாம் திருகி, இல்லாத கோளாறையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் திருப்புளியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வானில் உயரத்தில் இருக்கும், ரொம்பப் பிரகாசமில்லாத ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லாத தாங்கி என்றால் துருவ நட்சத்திரம் வசதி, இடத்தை விட்டு நகராது. உங்கள் ஊரில் அது அடிவானத்தை ஒட்டி இருந்தால் வேண்டாம். தொலைநோக்கியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, கிட்டத்தட்ட அத்தனை மடங்கு உருப்பெருக்கம் வையுங்கள். நட்சத்திரம் நடுவில் இருக்கட்டும்.

இப்போது ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். முதலில் உங்கள் தலையைச் சாயுங்கள். அடுத்து ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழாயை, அதன் குழியிலேயே கால் சுற்றுத் திருப்புங்கள். அப்புறம் டயகனலை, அதாவது ஐபீஸுக்கு முன்னால் ஒளியை மடக்கித் திருப்பும் துண்டை. கோளாறு எதோடு சேர்ந்து சுற்றுகிறதோ, அதில்தான் வினை. எதைத் திருப்பினாலும் கோளாறு அசையாமல் அதே திசையில் நின்றால் முன்லென்ஸையோ கண்ணாடிகளையோ காற்றையோ சந்தேகிக்கலாம். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் யாரும் எதையும் கழற்றக் கூடாது என்பது என் சட்டம்.

## படம் கொதிக்கிறது, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆடுகிறது

### நொடிக்கு நொடி மாறுகிறது, நடுநடுவே ஒரு கணம் தெளிகிறது

இது வளிமண்டலம். தொலைநோக்கியில் எந்தக் கோளாறும் இல்லை. பார்க்கும் பொருள் அடிவானத்தில் இருந்து 30 பாகைக்குக் கீழே இருந்தால் மேலே ஏறும்வரை காத்திருங்கள். பகல் வெயிலைக் குடித்த சிமெண்ட் தரையும் பக்கத்துக் கூரையும் ராத்திரி பத்து மணிவரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். புல்தரைக்கு மாறினாலே பாதி ஆட்டம் அடங்கும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்களா? கண்ணாடியை மூடி வைத்தாலும் கெடும், திறந்து வைத்தாலும் கெடும். வெளியே வந்துவிடுங்கள்.

### வெளியே எடுத்து வைத்த முதல் ஒரு மணி நேரம் மட்டும்

குழாய்க்குள் சூடு தேங்கியிருக்கிறது. நட்சத்திரத்தை ஃபோகஸில் இருந்து விலக்கி வட்டத் தட்டாக்கிப் பாருங்கள். அடுப்புப் புகை மாதிரி ஒரு கீற்று ஒரே பக்கமாக ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். 200 மி.மீ. கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும், தடிமனான கண்ணாடி இன்னும் கூட எடுத்துக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் கணினியில் இருக்கும் சின்ன விசிறி ஒன்றைப் பொருத்தினால் சீக்கிரம் ஆறும்.

## எங்கே நிறுத்தினாலும் மங்கல், ஃபோகஸ் சட்டென்று விழவில்லை

### பெரிய உருப்பெருக்கத்தில் மட்டும்

கணக்குப் போடுங்கள். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். விட்டத்தின் மில்லிமீட்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. விளையாட்டுச் சாமான் ரகத் தொலைநோக்கிப் பெட்டிகளில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 700 மி.மீ. குவியத் தூரம், 4 மி.மீ. ஐபீஸ், மூன்று மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்): பெருக்கினால் 525 சரியாகத்தான் வரும். ஆனால் அதன் முன்லென்ஸின் விட்டம் 60 மி.மீ., தாங்குவது 120 மடங்கு. அந்த பார்லோவை அலமாரியில் போட்டுவிட்டு நடுத்தரமான ஒரு 10 மி.மீ. ஐபீஸ் வாங்கினாலே தொலைநோக்கி புதிதாக ஆகிவிடும்.

### எல்லா உருப்பெருக்கத்திலும்

பனி படிந்திருக்கிறதா என்று முன்லென்ஸையும் ஐபீஸையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் மூச்சே ஐபீஸை மூடியிருக்கலாம். துடைக்காதீர்கள். வெதுவெதுப்பான காற்றைக் காட்டினால் போதும், அப்புறம் முன்னால் ஒரு பனிக்குழாய் மாட்டுங்கள்.

பனி இல்லையென்றால் ஒரே ஒரு ஐபீஸில்தான் இப்படியா என்று மாற்றிப் பாருங்கள். ஆம் என்றால், அதை யாராவது சுத்தம் செய்யக் கழற்றினார்களா? பிளாசல் ஐபீஸில் இரண்டு ஜோடி லென்ஸ்கள் இருக்கும். அவற்றின் அதிகக் குழிவுள்ள பக்கங்கள் அல்ல, அதிகம் புடைத்த பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால் நடுவில் ஒருமாதிரி தெரியும், மற்ற இடமெல்லாம் குழம்பும். என் மேஜைக்கு வந்த "கெட்டுப்போன" ஐபீஸ்களில் மூன்று இப்படித்தான் பிழைத்தன. அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டது நானேதான். கழற்றும்போது குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்காமல், லென்ஸின் ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டே எடுங்கள்.

### எல்லா ஐபீஸிலும், எல்லா நாளும்

நட்சத்திரத்தை ஃபோகஸுக்கு உள்ளே கொஞ்சம், வெளியே அதே அளவு கொஞ்சம் என்று நகர்த்தி இரண்டு தட்டுகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் வளையங்கள் கூர்மையாகவும் மறுபக்கம் பஞ்சு மாதிரியும் இருந்தால் கோளப்பிறழ்ச்சி, அதாவது நடுவும் ஓரமும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. கண்ணாடி ஆறாவிட்டாலும் இதே தோற்றம் வரும் என்பதால் இரண்டு மூன்று இரவுகள் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

குழாய் அரை மீட்டர்தான், ஆனால் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும் 114 மி.மீ. நியூட்டோனியனா (கண்ணாடியால் ஒளியைக் குவித்துப் பக்கவாட்டில் பார்க்க வைக்கும் தொலைநோக்கி)? அதற்கு, ஐபீஸை முன்பின் நகர்த்தும் ஃபோகஸர் குழாயின் அடியில் ஒரு திருத்த லென்ஸ் இருக்க வேண்டும். "இது என்ன வேண்டாத லென்ஸ்" என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். திரும்பப் போடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் கண்ணாடியைக் கடைந்ததிலேயே பிழை. இது யாருக்கும் நடக்கும். 1990-ல் மேலே போன ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி ஓரத்தில் சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த ஒளியியலைப் பொருத்திவிட்டு வந்தார்கள். கண்ணாடியின் வடிவத்தை வீட்டில் திருத்த முடியாது. உத்தரவாதம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் கண்ணாடி கடைகிறவரிடம் சோதனைக்குக் கொடுங்கள். அதுவரை சின்ன உருப்பெருக்கத்தில் வண்டி ஓடும்.

## நடுவில் கூர்மை, ஓரத்தில் மட்டும் கெடுகிறது

ஓர நட்சத்திரம் ஒன்றைக் குறிவைத்து, அதற்காக மட்டும் ஃபோகஸை மாற்றிப் பாருங்கள்.

### ஓரம் கூர்மையாகிறது, ஆனால் நடு மங்குகிறது

புலத்தின் வளைவு. படம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி விழுகிறது. குட்டையான லென்ஸ் தொலைநோக்கிகளின் கூடப்பிறந்த குணம் இது. நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஃபோகஸ் வைத்தால் இரண்டு பக்கமும் சகிக்கும். இளம் கண்கள் இதைத் தாமாகவே சரிக்கட்டிக்கொள்ளும். வயது நாற்பதைத் தாண்டியபின் "ஐபீஸ் கெட்டுப்போச்சு" என்று தோன்றுவதற்கு ஐபீஸ் காரணமில்லை.

### வால்நட்சத்திரக் குஞ்சுகள் மாதிரி, வால் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கிறது

கோமா. எஃப்/5-ம் அதற்குக் கீழேயும் உள்ள (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் விகிதம்) நியூட்டோனியன்களில் வரும், கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வரும். கோமா தொந்தரவில்லாத நடுவட்டம் எஃப் விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து அகலும்: எஃப்/8-ல் சுமார் 11 மி.மீ., எஃப்/5-ல் 3 மி.மீ.க்கும் குறைவு, எஃப்/4-ல் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. முதலில் கோலிமேஷனை, அதாவது கண்ணாடிகள் ஒன்றையொன்று சரியாகப் பார்த்து நிற்பதை, சரிபாருங்கள், ஏனென்றால் அது தப்பினால் இந்த நல்ல வட்டம் ஓரத்துக்கு ஓடிவிடும். அப்புறமும் உறுத்தினால் கோமா திருத்தி வாங்கலாம். கேமரா இல்லாமல் கண்ணால் கோள்களையும் நிலாவையும் மட்டும் பார்க்கிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம், பார்ப்பது நடுவில்தானே இருக்கிறது.

### சிறகு விரித்த பறவை மாதிரி, அல்லது சின்னச் சின்னக் கோடுகளாக

இது ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம், அதாவது ஒளி ஒரு திசையில் ஒரு தூரத்திலும் குறுக்குத் திசையில் வேறு தூரத்திலும் குவிகிறது. நிறையப் பேர் இதைப் பார்த்துவிட்டுக் கோமா திருத்தி வாங்கி ஏமாறுகிறார்கள். ஐபீஸை மாற்றினால் பறவை போய்விடும், கோமா போகாது: அதுதான் வித்தியாசம். எளிய அமைப்புள்ள அகலப்புல ஐபீஸ்கள் எஃப்/10 தொலைநோக்கியில் சாதுவாக இருந்துவிட்டு எஃப்/5-ல் சிறகு விரிக்கும். ஆக, வாங்குவதற்கு முன் உங்கள் தொலைநோக்கியிலேயே போட்டுப் பார்ப்பதுதான் வழி. புலம் குறுகிய ஐபீஸுக்குப் போனாலும் தீரும், காசும் மிச்சம்.

### ஒரு பக்க ஓரத்தில் மட்டும்

ஐபீஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தி, ஐபீஸை அடிவரை அழுத்தி, மறுபடி இறுக்குங்கள். அப்படியும் தொடர்ந்தால் ஃபோகஸர் தொங்குகிறது, அல்லது கோலிமேஷன் தப்பியிருக்கிறது.

## நடுவிலேயே நட்சத்திரம் நீண்டு தெரிகிறது, சிலுவையாகிறது

ஃபோகஸுக்கு உள்ளே ஒரு திசையில் நீள்வட்டம், வெளியே போனால் அதற்குச் செங்குத்தாக நீள்வட்டம், நடுவில் சின்னச் சிலுவை. இந்த 90 பாகைத் திருப்பம் இருந்தால் அஸ்டிக்மாட்டிசம்தான். முதலில் சொன்ன சுற்றுச் சோதனை இங்கேதான் தன் மதிப்பைக் காட்டும்.

### தலையைச் சாய்த்தால் நீட்சியும் சாய்கிறது

உங்கள் கண். ஐபீஸின் குவியத் தூரத்தை எஃப் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்: எஃப்/5-ல் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 5 மி.மீ. அகலக் கற்றை கண்ணுக்குள் போகிறது, விழியின் குறை முழுக்கத் தெரியும். அதே தொலைநோக்கியில் 10 மி.மீ. ஐபீஸ் என்றால் கற்றை 2 மி.மீ.தான், குறை பெரும்பாலும் மறைந்துவிடும். இதனால்தான் "சின்ன உருப்பெருக்கத்தில் மோசம், பெரிய உருப்பெருக்கத்தில் நன்றாக இருக்கிறது" என்ற விசித்திரமான புகார் வருகிறது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அதற்கு ஐபீஸில் கண் விலகல் தூரம் (கண் ஐபீஸில் இருந்து தள்ளி நிற்கக்கூடிய தூரம்) 15 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். இங்கே போக வேண்டியது கண் மருத்துவரிடம்.

### ஐபீஸோடு சுற்றுகிறது

ஐபீஸில் குறை. வேறொரு ஐபீஸ் போட்டு உறுதிசெய்துவிட்டு மாற்றுங்கள். பழுது பார்க்க யோசிக்காதீர்கள், கூலி அதன் விலையைத் தாண்டும்.

### டயகனலோடு சுற்றுகிறது

டயகனலைக் கழற்றிவிட்டு நேராகப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் அதன் கண்ணாடி வளைந்திருக்கிறது. பின்மூடியின் திருகுகள் அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் வளையும், அரைக்கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். பகலில் படம் நேராகத் தெரிய வைக்கும் 45 பாகைப் பட்டகத்தில் இன்னொன்றும் உண்டு: பிரகாசமான கோளின் குறுக்கே ஒரே ஒரு ஒளிக்கோடு. அது பட்டகத்தின் கூரை விளிம்பு போடும் கோடு. அந்தப் பட்டகத்தைப் பறவை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

### எதோடும் சுற்றவில்லை

நியூட்டோனியனில் துணைக் கண்ணாடியின் (ஒளியை ஃபோகஸர் பக்கம் திருப்பும் சின்னக் கண்ணாடி) ஒட்டோ பிடியோ அதை வளைக்கலாம். அடுத்த சந்தேகம் அடியில் இருக்கும் பெரிய முதன்மைக் கண்ணாடி. அதன் இருக்கையைத் தளர்த்தி, கண்ணாடியை மட்டும் கால் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். நீட்சியும் கால் சுற்றுத் திரும்பினால் குறை கண்ணாடியிலேயே இருக்கிறது, கடைகிறவரிடம் போக வேண்டியதுதான். திரும்பாமல் நின்றால் தாங்கும் விதத்தில் தப்பு, அது உங்கள் கையாலேயே தீரும்.

## நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறது

கண்ணாடியை மூன்று இடத்தில் எதுவோ நெரிக்கிறது. முதன்மைக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளைப் பாருங்கள். கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தாள் தாராளமாக நுழைந்து வர வேண்டும். "கண்ணாடி ஆடுகிறதே" என்று பயந்து இறுக்கியிருப்பார்கள். கிளிப்பின் வேலை கண்ணாடி விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

லென்ஸ் தொலைநோக்கியில் இது குளிர் இரவுகளில் மட்டும் வந்தால், உலோக வளையம் சுருங்கி லென்ஸைக் கவ்வுகிறது. தக்கவைக்கும் வளையத்தை மயிரிழை தளர்த்தலாம். அதற்கு மேல் லென்ஸ் ஜோடியைப் பிரிக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்பது தவறிவிட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. இந்த இடத்தில் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## நடுவில் இருக்கும் நட்சத்திரத்துக்கே ஒரு பக்கம் வால்

கோலிமேஷன். ஃபோகஸை விலக்கினால் வளையங்களின் நடுவே இருக்க வேண்டிய கருநிழல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்.

### நியூட்டோனியன்

வரிசை முக்கியம். முதலில் ஃபோகஸர் வழியே பார்க்கும்போது துணைக் கண்ணாடி வட்டமாகவும் நடுவிலும் தெரிய வேண்டும். அடுத்து, அதில் முதன்மைக் கண்ணாடி முழுசாக, மூன்று கிளிப்பும் தெரியும்படி துணைக் கண்ணாடியின் சாய்வு. கடைசியாகத்தான் முதன்மைக் கண்ணாடியின் திருகுகள்.

கோலிமேஷன் லேசர் வைத்திருந்தால் அதையே நம்பிவிடாதீர்கள். ஃபோகஸருக்குள் லேசரை மெல்லச் சுற்றுங்கள். கண்ணாடியில் விழும் சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் சரி. வட்டம் போட்டால் லேசரே கோணல், அதை வைத்து எத்தனை முறை சரிசெய்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு விடைதான் வரும். நடுப்புள்ளி ஒட்டிய கண்ணாடிக்கு ஒரு செஷயர் குழாய் (சின்னத் துளை வழியே பார்த்துச் சரிசெய்யும் எளிய கருவி) போதும், அதில் பேட்டரியும் தீராது.

### ஷ்மிட்-கேசக்ரெயின்

முன்னால் ஒரு கண்ணாடித் தகடும் உள்ளே இரண்டு கண்ணாடிகளும் உள்ள குட்டைத் தொலைநோக்கி இது. முன்பக்கத் தகட்டின் நடுவே மூன்று சின்னத் திருகுகள் இருக்கும். சில மாடல்களில் அவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள், துணைக் கண்ணாடி உள்ளே விழுந்துவிடும்.

ஃபோகஸ் விலக்கிய நட்சத்திரத்தைப் பார்த்தபடி, குழாயின் வாயருகே உங்கள் விரலை நீட்டுங்கள். விரலின் நிழல் தட்டில் தெரியும். வளையங்கள் நெருங்கி ஒடுங்கியிருக்கும் பக்கத்துக்கு அந்த நிழல் வரும்வரை விரலை விளிம்போடு சுற்றி நகர்த்துங்கள். விரல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருகுதான் நீங்கள் தொட வேண்டியது. கருநிழல் ஒதுங்கியிருக்கும் திசையிலேயே நட்சத்திரத்தைப் புலத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அந்தத் திருகைத் திருப்பி நட்சத்திரத்தை நடுவுக்கு இழுங்கள். ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருகு இறுகி நின்றுவிட்டால் பலம் காட்டாமல் மற்ற இரண்டையும் அதே அளவு தளர்த்துங்கள்.

### லென்ஸ் தொலைநோக்கி

முன்லென்ஸ் கூட்டில் தள்ளு-இழு திருகுகள் இருந்தால் செஷயர் வைத்துச் சரிசெய்யலாம். திருகே இல்லாத கூடு என்றால், முதலில் ஃபோகஸர் நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அது நேராக இருந்தும் வால் போகவில்லையென்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## நிறம் பிதுங்குகிறது

சுற்றிலும் ஊதா ஒளிவட்டம், அதுவும் லென்ஸ் தொலைநோக்கியில், நிலா விளிம்பு, வெள்ளி, வேகா போன்றவற்றில்: இரட்டை லென்ஸின் இயல்பு, பழுது அல்ல. காசு செலவில்லாத வைத்தியம் அட்டை. 80 மி.மீ. எஃப்/5 தொலைநோக்கியின் வாயில் 50 மி.மீ. வட்டத் துளை போட்ட அட்டையை மாட்டினால் அது எஃப்/8 ஆகிவிடும், ஊதா பெரும்பாலும் அடங்கும், வெளிச்சம் குறையும். வெளிர்மஞ்சள் வடிகட்டி அடுத்த படி. அபோகுரோமேட் (நிறம் பிதுங்காதபடி செய்த லென்ஸ் தொலைநோக்கி) வாங்குவது கடைசிப் படி, அது பழுது நீக்கமே அல்ல, வேறு தொலைநோக்கி.

நிறம் ஓரத்தில் மட்டும், நடுவுக்கு வந்தால் போய்விடுகிறது என்றால் ஐபீஸ். நடுவிலும் கோளின் ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் நீலம் என்று நின்றால் கோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தாழ்வாக இருந்தால் காற்றே பட்டகமாக வேலை செய்கிறது, கண்ணாடி மட்டுமே உள்ள தொலைநோக்கியிலும் இது தெரியும். ஏறும்வரை பொறுங்கள்.

## நேரான கம்பம் ஓரத்தில் வளைகிறது, நிலா ஓரத்தில் முட்டை வடிவமாகிறது

விட்டுவிடுங்கள். அகலப்புல ஐபீஸில் நேர்கோட்டையும் நேராக வைத்து, வட்டத்தையும் வட்டமாக வைக்க முடியாது, வடிவமைப்பவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பகலில் கட்டடம் பார்க்கிறவர் குறுகிய புலமுள்ள ஐபீஸுக்கு மாறலாம்.

## அவரைவிதை வடிவில் கருநிழல் மிதக்கிறது

கண் தப்பான தூரத்தில் இருக்கிறது. அரை சென்டிமீட்டர் பின்னால் வந்து பாருங்கள், கண்கிண்ணத்தை உயர்த்தி வையுங்கள். பகலில், அதுவும் மிகச் சின்ன உருப்பெருக்கத்தில், நடுவிலேயே ஒரு கரும்புள்ளி நின்றால் அது துணைக் கண்ணாடியின் நிழல். பகலில் விழிப்பாவை சுருங்கிவிடுவதால் தெரிகிறது. இருட்டினதும் போய்விடும்.

## பிரகாசமான பொருளைச் சுற்றி மூட்டம், போலி உருவங்கள், கதிர்கள்

நான்கு கதிர் கூர்மையாக, குறுக்காக நின்றால் அது துணைக் கண்ணாடியைத் தாங்கும் தகடுகள் போடும் கோலம். அப்படியே இருக்கட்டும். வியாழனுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வியாழன் மிதந்து, தொலைநோக்கியை நகர்த்தினால் எதிர்த்திசையில் ஓடினால் ஐபீஸுக்குள் நடக்கும் பிரதிபலிப்பு. ஐபீஸை மாற்றினால் தீரும்.

மூட்டம் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. முதலில் ஐபீஸின் கண் பக்கத்தைப் பாருங்கள், இமைமயிரின் எண்ணெய்ப் பசை அங்கேதான் ஒட்டும். ஊதிவிட்டு, லென்ஸ் துடைக்கும் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். முதன்மைக் கண்ணாடியில் டார்ச் அடித்தால் எந்தக் கண்ணாடியும் அசிங்கமாகத்தான் தெரியும், நாலு தூசிக்காகக் கழுவக் கிளம்பாதீர்கள். கழுவியே ஆக வேண்டும் என்றால் காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டுத் திரவ சோப்பு, தேய்க்கவே கூடாது. அலுமினியப் பூச்சு கீறினால் கீறியதுதான்.

முன்லென்ஸுக்குள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளைகள் படர்ந்திருந்தால் பூஞ்சை. மேலாக இருந்தால் துடைத்தால் போகும். இரண்டு லென்ஸுக்கு நடுவே போய்விட்டால் நாள் கடத்தாதீர்கள், பூச்சைத் தின்றபிறகு துடைத்தாலும் தழும்பு நிற்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுக்கும்போது எந்த நட்சத்திரத்தில், எத்தனை மடங்கில் மூட்டம் தெரிந்தது, எதையெல்லாம் சுற்றிப் பார்த்தீர்கள், எந்தத் திருகைத் தொட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் குழாயோடு ஒட்டி அனுப்புங்கள். தொட்ட திருகை மறைக்காதீர்கள், கழற்றினதும் அவருக்குத் தெரிந்துவிடும்.